ஈரக்காற்று அதிகமுள்ள இடங்களில் வெளிச்சுவர் ஸ்டக்கோ: பூசுவதும் பழுதுபார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டக்கோ என்று இங்கே சொல்வது சிமென்ட், சுண்ணாம்பு, மணல் கலந்து வெளிச்சுவரில் பூசும் கெட்டியான பூச்சைத்தான். செங்கல், பிளாக் சுவர்மேல் நேரடியாகப் பூசுவதும் இதில் சேரும்; மரச்சட்ட வீடுகளில் தாளும் கம்பிவலையும் அடித்து அதன்மேல் பூசுவதும் சேரும். மழையும் காற்றில் ஈரமும் அதிகமாக இருக்கும் இடங்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதியிருக்கிறேன்.

ஸ்டக்கோ பூசிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சுவரில் அடிக்கும் மழையில் பெரும்பகுதியைப் பூச்சு கீழே வழியவிட்டுவிடும். ஆனால் சிமென்ட் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். நாள் முழுக்கச் சாரல் அடித்தால் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்தால் மெல்லத் திருப்பி விடும். வறண்ட இடங்களில் இந்தக் கணக்கு தானாகவே நேராகிவிடும். ஈரமான இடங்களில் ஒரு மழையின் ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. நடுவில் வெயில் அடித்தாலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் சுவர் சீக்கிரம் காய்வதில்லை.

அதனால் தண்ணீரை எப்படித் தடுப்பது என்பதோடு நின்றுவிடக் கூடாது. உள்ளே போன தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்றும் கேட்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பகுதி ஓர் உதாரணம். 1980களிலும் 90களிலும் அங்கே கட்டிய மரச்சட்ட அடுக்குமாடி வீடுகள் ஏராளமாக அழுகிப்போயின. அவற்றில் பல ஸ்டக்கோ பூசியவை. புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லை. 1998இல் மாகாண அரசு இதற்காகவே ஒரு விசாரணை ஆணையம் அமைக்க வேண்டி வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் பகுதியிலும் 1990களின் நடுவில் இதே கதை நடந்தது. அங்கே நுரைப்பலகைமேல் மெல்லியதாகப் பூசும் செயற்கைப் பூச்சு போட்ட வீடுகள். பார்வைக்குப் பூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இறங்கிய தண்ணீர் பின்னாலேயே தங்கி மரத்தைத் தின்றுவிட்டது.

செங்கல் சுவருக்கும் மரச்சட்டச் சுவருக்கும் ஒரே முறைதானா?

கலவை ஏறக்குறைய ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. செங்கல் சுவர் தானே கொஞ்சம் ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும், நனைந்தால் அழுகாது. அங்கே பூச்சு சுவரோடு இறுகப் பிடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். மரச்சட்டச் சுவர் நனையவே கூடாது. அங்கே பூச்சு சுவரோடு ஒட்டாமல், நடுவில் தாளும் ஒரு சிறு இடைவெளியும் இருக்க வேண்டும். செங்கல் வேலையில் பழகிய கொத்தனார் மரச்சட்ட வீட்டில் முதல்முறை கை வைக்கும்போது, பிடிமானம்தான் எல்லாம் என்று நினைத்து இந்த இடைவெளியை அடைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

மரச்சட்ட வீட்டில் பூச்சுக்குப் பின்னால் என்னென்ன இருக்க வேண்டும்?

உள்ளிருந்து வெளியே வருவோம். சட்டத்தின்மேல் ஒட்டுப்பலகை. அதன்மேல் நீர் தடுக்கும் தாள், குறைந்தது இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கு போதாதா என்று கேட்பார்கள். ஈரக்கலவை வெளித்தாளோடு ஒட்டிக்கொள்ளும், தாள் சுருங்கும், சில இடங்களில் கிழியும். அந்தத் தாளைப் பலி கொடுத்துவிட்டால்தான் உள்தாள் சேதமில்லாமல் நின்று, தண்ணீரைக் கீழே இறக்கும். தாளைக் கீழிருந்து மேலாக ஓடு வேய்வதுபோல் அடிக்க வேண்டும்: மேல்தாள் கீழ்த்தாளின்மேல் குறைந்தது 50 மி.மீ. ஏறி நிற்கணும், பக்கவாட்டில் 150 மி.மீ. ஏறணும். ஒரே ஓர் இடத்தில் மேல்தாள் கீழ்த்தாளுக்கு உள்ளே போய்விட்டாலும், சுவரில் இறங்கும் தண்ணீரை நேராகப் பலகைக்கு அனுப்பும் வேலையை அது செய்யும்.

ஈரமான இடங்களில் இரண்டு தாளோடு நிறுத்தாமல், நடுவில் நிஜமான ஓர் இடைவெளி வேண்டும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பின் 2021 பதிப்பு, ஈரமான, கடல்சார்ந்த காலநிலை மண்டலங்களில் சுமார் 5 மி.மீ. வடிகால் இடைவெளியோ, அதே வேலையைச் செய்யும் வடிகால் பாயோ கேட்கிறது. 10 மி.மீ. கனமுள்ள மெல்லிய மரக்கட்டைகளை அடித்துக் காற்றோட்டம் விட்டால் இன்னும் நல்லது. செலவு கூடும் என்று இதை வெட்டுபவர்கள் உண்டு. இந்த வேலையில் வெட்டவே கூடாத செலவு எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பூசி முடித்த பிறகு திரும்பப் போய்ச் செய்ய முடியாத ஒரே விஷயம் இது.

அதன்மேல் துத்தநாகம் பூசிய கம்பிவலை. வலை தாளோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது. கலவை வலையின் பின்பக்கமும் புகுந்து சுற்றிப் பிடிக்க, சுமார் 6 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஆணியை ஒட்டுப்பலகையில் மட்டும் அடித்தால் போதாது, சட்டத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். சட்டத்தின் நெடுக 175 மி.மீ.க்கு ஓர் ஆணி.

சுவரின் அடியில் வைக்கும் உலோகப் பட்டை எதற்கு?

தாளில் இறங்கிய தண்ணீர் வெளியே சொட்டும் வாசல் அதுதான். துளையிட்ட அந்த வடிகால் பட்டையைச் சுவரின் அடிவிளிம்பில் வைத்து, தாளை அதன்மேல் விழும்படி அடிக்க வேண்டும். மண் தரையிலிருந்து குறைந்தது 100 மி.மீ., சிமென்ட் தளத்திலிருந்து 50 மி.மீ. மேலே இருக்கட்டும். பின்னாளில் தோட்ட மண்ணைக் கொட்டி மூடிவிடுவதும், தளம் போடும்போது சேர்த்துப் பூசிவிடுவதும்தான் இதன் இரண்டு எதிரிகள். கரையான் ஏறுவதும் பெரும்பாலும் இப்படி மூடிப்போன இடத்தில்தான்.

கலவை விகிதம் என்ன?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. செங்கல், பிளாக் சுவரின் வெளிப்பூச்சுக்கு 1 பங்கு சிமென்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் நல்ல கலவை. கம்பிவலைமேல் போடும் முதல் பூச்சு இதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, சுண்ணாம்பைப் பாதியாகக் குறைத்து, மணல் 4 அல்லது 4½ பங்காக இருக்கலாம். மறக்கக் கூடாத விதி வேறு: எந்தப் பூச்சும் தனக்கு அடியில் இருக்கும் பூச்சைவிட வலுவாக இருக்கக் கூடாது. மேலே இருப்பது வலுவாக இருந்தால், அது சுருங்கும்போது அடியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு பெயரும்.

சிமென்ட் கூடினால் நல்லது என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. கூடினால் பூச்சு கல்லாக இறுகும், அதோடு நிறையச் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் போகும். இறுகிய பூச்சு அதை வெளியே விடாது. சுண்ணாம்பு சேர்ந்த கலவை கரண்டிக்கு இதமாக வரும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மூச்சு விடும். ஈரமான இடத்துக்கு அதுதான் பொருத்தம்.

மணலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈரமணல் உப்பும். 5 சதவீதம் ஈரம் இருந்தாலே மெல்லிய மணலின் கன அளவு 20, 30 சதவீதம்கூடக் கூடிவிடும். அதாவது பெட்டி நிறைய அளந்தாலும் உள்ளே மணல் குறைவு, கலவையில் சிமென்ட் கூடுதல். காலையில் நனைந்த மணல், மதியம் வெயிலில் காய்ந்த மணல் என்று அளந்தால் ஒரே சுவரில் இரண்டு கலவை. சொல்லப்படும் விகிதம் உலர்ந்த மணலுக்கா, ஈரமணலுக்கா என்று கேட்டுக்கொண்டு, மணலைத் தார்ப்பாய் போட்டு மூடி ஒரே பதத்தில் வைத்திருங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கம்பியையும் அரிக்கும்.

எத்தனை பூச்சு, எவ்வளவு கனம்?

கம்பிவலைமேல் மூன்று பூச்சு: முதலில் 10 மி.மீ., அதைக் கீறிவிட்டு இன்னொரு 10 மி.மீ., கடைசியில் 3 மி.மீ. மெருகுப் பூச்சு. மொத்தம் 22, 23 மி.மீ. வரும். செங்கல், பிளாக் சுவரில் இரண்டு பூச்சில் 12 முதல் 16 மி.மீ. போதும். சுவர் கோணலாக இருக்கிறதென்று ஒரே மூச்சில் 25 மி.மீ. அப்பினால் சொந்தக் கனத்திலேயே சரியும், அல்லது சுவரிலிருந்து விலகிப் பின்னால் பொள்ளலாகும்.

வழவழப்பான கான்கிரீட் பரப்பு என்றால் கொத்திவிட்டு, சிமென்ட் பாலோடு மணல் கலந்து தெளித்து, அது இறுகிய பிறகே பூச வேண்டும். செங்கல் சுவரைப் பூசும் முன் நனையுங்கள், ஆனால் தண்ணீர் பளபளவென்று நிற்கும்போது பூசாதீர்கள். நனைத்த ஈரம் உள்ளே இழுக்கப்பட்டு, மேற்பரப்பு மட்டும் உலர்ந்து தெரியும் பதம்தான் சரி.

மழைக்காலத்தில் பூசலாமா?

முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் சாரத்தின்மேல் தார்ப்பாய் கட்டிவிட்டுத் தொடங்குங்கள். புதுப் பூச்சில் மழை அடித்தால் மேலே உள்ள சிமென்ட் கழுவிப் போய், மணல் மட்டும் நிற்கும். காய்ந்த பிறகு கையால் தேய்த்தால் உதிரும். அப்படி ஆன இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, நனைந்து கிடக்கும் சுவரில் பூசினால் கலவையை அது இழுத்துப் பிடிக்காது. மரச்சட்ட வீட்டில் தாள் அடித்து வாரக்கணக்கில் மழையில் விட்டுவிட்டு, பிறகு அப்படியே பூசுவது இன்னும் மோசம். பலகை காய்ந்ததா என்று ஈரமானி வைத்துப் பார்த்த பிறகே மூடுங்கள்.

கலந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் ஊற்றி மறுபடி மறுபடி குழைத்துப் பூசினால் பிடிப்பே இருக்காது.

காற்றே ஈரமாக இருக்கிறதே, தனியாகத் தண்ணீர் விட்டுக் க்யூரிங் (பூச்சு இறுகும்வரை ஈரமாக வைத்தல்) செய்ய வேண்டுமா?

வேண்டும். காற்றில் ஈரம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தெளிக்கும் தடவைகளைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வெயில் நேராக விழும் மேற்குச் சுவரும், காற்று வாங்கும் மூலையும் எந்தக் காலநிலையிலும் வேகமாகக் காய்ந்துவிடும். ஒவ்வொரு பூச்சையும் குறைந்தது 48 மணி நேரம் ஈரமாக வைத்திருங்கள். புகை போல மெல்லிய தெளிப்பு போதும், குழாயை நேராக அடித்தால் பூச்சு கரையும். இரண்டாம் பூச்சுக்கும் மெருகுப் பூச்சுக்கும் நடுவே 7 நாள் விடுவது நல்லது. அந்த இடைவெளியில் சுருங்க வேண்டியது சுருங்கி, வெடிக்க வேண்டியது வெடித்துவிடும்; மெருகுப் பூச்சு அதை மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு மூன்றையும் மூன்று நாளில் முடித்தால் அந்த வெடிப்பெல்லாம் மேலே வந்துதான் தெரியும்.

கன்ட்ரோல் ஜாயின்ட் (வெடிப்பைத் தவிர்க்கப் பூச்சைக் கட்டங்களாகப் பிரிக்கும் இடைவெளிக்கோடு) வைத்தால் சுவர் அசிங்கமாகத் தெரியாதா?

கோடு கோடாகத் தெரியும்தான். வைக்காவிட்டால் சுவர் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளும். கம்பிவலைமேல் பூசும் சுவரில் ஒரு கட்டம் 13 சதுர மீட்டருக்கு மேலோ, ஒரு பக்கம் 5.5 மீட்டருக்கு மேலோ போகக் கூடாது என்பது வழக்கமான அளவு. நீளம் அகலத்தைப் போல இரண்டரை மடங்குக்குள் இருக்கட்டும். ஜாயின்ட் கோடுகளை ஜன்னல் விளிம்புகளோடும் மாடித்தள மட்டத்தோடும் சேர்த்து அமைத்தால் அலங்காரம் போலவே இருக்கும். கட்டடத்திலேயே ஒரு விரிவு இடைவெளி இருந்தால் பூச்சிலும் அதே இடத்தில் விட்டாக வேண்டும், பேரமில்லை. கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலையோ கண்ணாடியிழை வலையோ இரண்டு பக்கமும் 100 மி.மீ. ஏறும்படி வைத்துப் பூசுங்கள்.

தண்ணீர் உண்மையில் எங்கிருந்துதான் உள்ளே வருகிறது?

சுவரின் நடுப்பரப்பிலிருந்து வருவது குறைவு. வேறு ஏதாவது வந்து சுவரோடு சேரும் இடங்களில்தான் வருகிறது. முதலிடம் ஜன்னலின் கீழ் மூலைகளுக்கு. ஜன்னல் சட்டம் தானே சில வருடங்களில் மூலையில் விட்டுக்கொடுக்கும். அடியில் ஓரம் தூக்கிய தட்டு ஒன்று இருந்தால் அந்தத் தண்ணீர் வெளியே வழியும். இல்லாவிட்டால் நேராகச் சுவருக்குள்தான். ஜன்னலைச் சுற்றிப் பூச்சைச் சட்டத்தோடு ஒட்டாமல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக்கயிறு வைத்து, சீலன்ட் (இழுபடும் அடைப்புப் பசை) போடுங்கள். ஜன்னலின் மேல்பக்கத்தில் உள்ள ஃப்ளாஷிங் தகட்டின் (தண்ணீரை வெளியே திருப்பிவிடும் தகடு) விளிம்பைச் சீலன்டால் அடைத்துவிடாதீர்கள். மேலிருந்து தாள் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேறும் இடம் அது. "எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும்.

அடுத்தது, சாய்கூரை வந்து சுவரில் முடியும் இடம். கூரை நெடுகச் சுவரை ஒட்டி வரும் மொத்தத் தண்ணீரும் அந்த முனையில் வந்து விழும். அதை வெளிப்பக்கமாகத் திருப்பி மழைநீர்க் கால்வாயில் தள்ள ஒரு சிறு வளைந்த தகடு வேண்டும். இது இல்லாத வீடுகளில் அந்த முனைக்குக் கீழே சுவர் கறுத்து நீளமாகக் கறை இறங்கியிருக்கும். பார்த்தவுடனே தெரியும். கைப்பிடிச்சுவரின் தலை மூன்றாவது: மேலே மட்டமாகப் பூசி விடாமல் உள்பக்கம் சரிவு கொடுத்து, மேலே மூடி வைத்து, மூடியின் விளிம்பு சுவரைத் தாண்டி நீட்டி நிற்க வேண்டும். சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கத்தில் விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இழுத்துவிட்டால் தண்ணீர் திரும்பிச் சுவருக்கு ஓடாது. குழாய், ஏசி பைப், மின்கம்பி நுழையும் துளைகளும் பால்கனி கைப்பிடி ஊன்றிய இடங்களும் மிச்சம்.

விரிசலைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். மேலெல்லாம் நரம்பு நரம்பாக வலைபோல் ஓடினால் பூச்சு சீக்கிரம் காய்ந்தது அல்லது சிமென்ட் கூடியது. ஆழம் குறைவு, கவலையும் குறைவு. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினால் அழுத்தம் அங்கே குவிகிறது என்று பொருள். மூலையில் குறுக்காக வலைத்துண்டு வைக்காததால் வருவது. நேர்கோடாகக் கிடையாக ஓடினால் கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடம். செங்கல் இணைப்பைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்கினால் அஸ்திவாரம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்; அதைப் பூச்சுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். தூண், பீம் ஓரமாக நீளவாக்கில் வெடித்துத் துருக்கறை கசிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது. அதன்மேல் பட்டி வைத்து மூடுவது நோயை மறைப்பது.

விரிசல் வளர்கிறதா என்று தெரிய, இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டுச் சில மாதம் பாருங்கள். மயிரிழை போன்ற, நகராத விரிசலை நல்ல பெயின்டே மூடிவிடும். அதைவிட அகலமானதை வி வடிவில் கீறித் திறந்து, தூசி தட்டி, பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்டால் நிரப்பலாம். நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலைச் சிமென்டால் அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வரும்.

தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறது. பெயர்த்துவிட வேண்டுமா?

செங்கல் சுவரில் உள்ளங்கை அளவுக்குள், விரிசலோ உப்பலோ இல்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். பெரிதாக இருந்தாலோ, தலைக்கு மேலே உள்ள பகுதியிலோ, கையால் அழுத்தினால் அசைந்தாலோ எடுத்துவிடுங்கள். விழும்போது யார் கீழே நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. கம்பிவலைப் பூச்சு எப்போதுமே கொஞ்சம் பொள்ளல் சத்தம்தான் கொடுக்கும், அதைக் கேட்டுப் பதற வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது மரத்தின் ஈரம். ஜன்னல் மூலைக்குக் கீழே சிறு துளை போட்டு ஈரமானி வைத்தால், 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து காட்டும் மரம் அழுகும் பாதையில் இருக்கிறது. துளையைச் சீலன்டால் அடைத்துவிடலாம்.

ஒட்டுப்போடுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

காரணத்தைச் சரி செய்யாமல் தொடங்காதீர்கள். அதைச் செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

கெட்ட பகுதியைத் தாண்டி, பூச்சு கெட்டியாக நிற்கும் இடம்வரை சுற்றி வெட்டுங்கள். கட்டிங் மெஷினில் வெட்டினால் ஆழத்தைக் குறைத்து வைத்து, மீதியை உளியால் எடுங்கள். மரச்சட்டச் சுவரில் தாளை வெட்டிவிட்டால் வேலை இரட்டிப்பாகும். விளிம்பு ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு படி என்று உள்நோக்கி இறங்கட்டும். எல்லாப் பூச்சும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். அழுகிய பலகை இருந்தால் மாற்றுங்கள். புதுத் தாளின் மேல்விளிம்பைப் பழைய தாளுக்கு அடியில் செருகி, கீழ்விளிம்பைப் பழைய தாளுக்கு மேலே விட வேண்டும். இதற்குப் பழைய தாள் சுற்றிலும் 50 மி.மீ.யாவது வெளியே தெரிய வேண்டும், அதனால் பூச்சை எடுக்கும்போதே பொறுமையாக எடுங்கள். பழைய வலையையும் வெட்டாமல் 50 மி.மீ. விட்டு, புது வலையை அதன்மேல் ஏற்றிக் கட்டுங்கள். எல்லாப் பழுதுவேலையிலும் கெட்டுப்போவது இந்தத் தாள் செருகும் கட்டம்தான். மேலே பூசியது எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே தப்பினால் அடுத்த மழையில் அதே இடம் நனையும்.

அப்புறம் விளிம்புகளைத் தூசி போகத் தட்டி, நனைத்து, முதல் பூச்சை வலைக்குள் அழுத்திப் போட்டுக் கீறுங்கள். 48 மணி நேரம் ஈரமாக வைத்து அடுத்த பூச்சு, மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மரக்கட்டை) பக்கத்துச் சுவர் மட்டத்துக்கு ஒரு மெருகுக் கனம் தாழ்வாகத் தேய்த்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து மெருகு. பழைய பூச்சு சுண்ணாம்புக் காரையாக இருந்தால் ஒட்டும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் சிமென்ட் வைத்தால் விளிம்பில் உடையும்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதே?

உள்ளே உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டு வந்து, தான் ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. புதுப் பூச்சில் முதல் சில மாதம் கொஞ்சம் பூப்பது இயல்பு. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளேயே போய்விடும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால் உப்பைத் துரத்தாமல் தண்ணீரைத் தேடுங்கள்: தரைமட்டத்தில் என்றால் ஓதம் (மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்), மேலே என்றால் கைப்பிடிச்சுவரோ குழாயோ.

கறுப்பும் பச்சையுமாகப் பாசி படிகிறது.

வெயில் படாத பக்கத்தில் இது வரும். பிளீச்சிங் கரைசலைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, மென்மையான பிரஷ்ஷால் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அமோனியா, அமிலம் எதையும் அதோடு சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். அதிவேகத் தண்ணீர்ப் பீச்சி வேண்டாம், பூச்சின் தோலையே உரித்துவிடும். செடிகளைச் சுவரிலிருந்து தள்ளி வளர்த்தால் பாதிப் பாசி குறையும்.

நீர்புகா பெயின்ட் அடித்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ரப்பர் போல இழுபடும் கனமான பெயின்ட் மயிரிழை விரிசல்களை நன்றாக மூடும். ஆனால் வேறு வழியில் சுவருக்குள் போன தண்ணீர் அதன் வழியாக எளிதில் வெளியே வராது. பெயின்ட் பலூன் போல உப்பும், உடைத்தால் தண்ணீர் கொட்டும். மேலிருந்தும் அடியிலிருந்தும் தண்ணீர் ஏறாத கெட்டியான செங்கல் சுவர் என்றால் அடிக்கலாம். மரச்சட்ட வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலிக்கேட் வகைப் பெயின்ட், அல்லது நீராவியை விடும் அக்ரிலிக் பெயின்ட் நல்ல தேர்வு. சிலேன்-சிலாக்சேன் வகைத் திரவம் துளைகளை அடைக்காமலே தண்ணீர் ஒட்டாமல் செய்யும், ஆனால் விரிசலை மூடாது.

எதை அடித்தாலும் புதுப் பூச்சு 28 நாள் ஆறட்டும். புதுச் சிமென்டின் காரம் பெயின்டை அரித்து நிறத்தை வெளுக்க வைக்கும். அவசரம் என்றால் காரம் தாங்கும் ப்ரைமர் அடியுங்கள்.

வெளியே எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உள்சுவரில் பூஞ்சை வருகிறது. ஏன்?

ஏசி அறையா, சுவரில் வினைல் வால்பேப்பரா? அப்படியானால் விடை அதுதான். 32 டிகிரியில் 75 சதவீத ஈரம் உள்ள காற்று சுமார் 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். உங்கள் ஏசி அறைச் சுவர் 24 டிகிரியில் இருக்கிறது. மழையில் நனைந்த ஸ்டக்கோமேல் வெயில் அடிக்கும்போது ஈரம் ஆவியாகி இரண்டு பக்கமும் போகும். உள்ளே வந்தது வினைலின் முதுகில் தடைப்பட்டுத் தண்ணீராகும். ஈரமான வெப்ப இடங்களில் உள்பக்கம் பிளாஸ்டிக் தாளோ வினைலோ போடாமல் சாதாரண பெயின்டோடு விடுங்கள். குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் பார்த்து உள்பக்கம் நீராவித் தடுப்பு வைப்பது இங்கே நேர்மாறான பலனைத் தரும்.

கடற்கரையோரம் வீடு. தனியாக ஏதாவது?

சாதாரண கம்பிவலை உப்புக்காற்றில் சில வருடங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, அல்லது காரம் தாங்கும் கண்ணாடியிழை வலை பயன்படுத்துங்கள். ஆணி, மூலைப்பட்டையும் அதற்கேற்ப. நல்ல வலையைச் சாதாரண ஆணியால் அடித்துவிட்டு ஆணி துருப்பிடித்து விழுவது வீண்செலவு.

பழைய பெயின்ட் அடித்த சுவர்மேல் அப்படியே பூசலாமா?

கூடாது. பூச்சு பெயின்டைத்தான் பிடிக்கும், பெயின்ட் சுவரை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. பெயின்டைச் சுரண்டி எடுங்கள், முடியாவிட்டால் கம்பிவலை அடித்துப் பூசுங்கள். மிகப் பழைய வீடாக இருந்தால் தேய்க்கும் முன் பெயின்டில் ஈயமும் பூச்சில் கல்நாரும் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

நானே செய்யலாமா?

ஒரு சதுர மீட்டருக்குள், ஏணியில் ஏறாமல் எட்டும் இடத்தில் ஒட்டு என்றால் தாராளமாக. வெட்டும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நுண்தூசியை வடிகட்டும் முகமூடி (N95 போன்றது) வேண்டும். ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் குருடாக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். ஒரு சுவரில் பல ஜன்னல்களுக்குக் கீழேயும் மரம் நனைந்திருந்தால் அங்கங்கே ஒட்டுப்போடுவது பணத்தை வீணாக்கும் வேலை. அந்தச் சுவரை முழுக்க உரித்து, தாள், தகடு, இடைவெளி எல்லாவற்றையும் புதிதாகச் செய்யச் சொல்லும் ஆள்தான் நேர்மையான ஆள்.

ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தனியாகத் தெரிகிறது. மறைக்க வழி?

நிறம் கலந்த மெருகுப் பூச்சில் பழையதோடு அச்சாகப் பொருந்தும் ஒட்டு கிடைப்பது அபூர்வம். பழையது வெயிலில் வெளுத்திருக்கும், புதியது காயும்வரை நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நிறத்தைவிடச் சொரசொரப்புதான் கண்ணை உறுத்தும். எனவே முதலில் ஒரு பலகையில் பூசிப் பார்த்து, பஞ்சாலோ பிரஷ்ஷாலோ பழைய சொரசொரப்பைக் கொண்டுவரப் பழகிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு, சிமென்டும் நிறப்பொடியும் கலந்த மெல்லிய கரைசலைத் தெளிக்கலாம். ஆனால் ஒட்டில் மட்டும் தெளிக்காமல் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை அல்லது ஜாயின்ட் வரை முழுக் கட்டத்துக்கும் தெளியுங்கள். ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவரில் இந்தக் கரைசல் பிடிக்காது; அங்கே ஒட்டு ஆறியதும் முழுச் சுவருக்கும் பெயின்ட் அடித்துவிடுவதே எளிது.